வளர்ந்தது கட்டியா, அளவா?

அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த மோர்டல், ஹான்லி என்ற இருவர் 1976-இல் ஒரு சோதனையின் முடிவுகளை வெளியிட்டார்கள். வெவ்வேறு பருமனுள்ள 12 திட உருண்டைகளை மெத்தைமேல் வைத்து, நுரை ரப்பர் விரிப்பால் மூடினார்கள். அனுபவமுள்ள 16 புற்றுநோய் மருத்துவர்களை அழைத்து, தோலுக்கடியில் இருக்கும் கட்டியைத் தடவி அளப்பதுபோல ஒவ்வொன்றையும் அளக்கச் சொன்னார்கள். உருண்டைகள் வளரவுமில்லை, சுருங்கவுமில்லை. ஆனாலும் அளவு 25 சதவீதம் குறைந்தாலே மருந்து வேலை செய்கிறது என்று எடுத்துக்கொண்டால், நான்கைந்து ஒப்பீடுகளில் ஒன்று, இல்லாத குணத்தை இருப்பதாகக் காட்டியது. வரம்பை 50 சதவீதத்துக்கு உயர்த்தியதும் அந்தப் பிழை 7, 8 சதவீதமாக இறங்கியது.

கட்டி சுருங்கியதா, வளர்ந்ததா என்று இன்றும் தீர்ப்புச் சொல்லும் வரம்புகளின் வேர் இங்கேதான் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 1979-இல் வெளியிட்ட கையேடு, கட்டியின் நீளத்தையும் அதற்குச் செங்குத்தான அகலத்தையும் பெருக்கி, அந்தப் பெருக்குத்தொகை பாதியானால் 'பகுதிக் குணம்' என்றது. 2000-இல் வந்த ரெசிஸ்ட் விதிகள் இரண்டு அளவு தேவையில்லை, மிக நீண்ட குறுக்களவு ஒன்றே போதும் என்றன. அது 30 சதவீதம் குறைந்தால் குணம், 20 சதவீதம் கூடினால் நோய் முற்றுகிறது. 0.7-ஐ 0.7-ஆல் பெருக்கினால் 0.49, பழைய பாதிக் கணக்குதான் புதிய 30 சதவீதமாக உருமாறியது. 2009-இல் திருத்தம் வந்தபோதும் இந்த இரண்டு வரம்புகளும் அப்படியே நின்றன. இதற்கிடையே சி.டி., எம்.ஆர்.ஐ., பெட் எல்லாம் வந்துவிட்டன. 1971 அக்டோபர் 1-ஆம் தேதி லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி எடுத்த முதல் மூளைப் படத்தில் 80-க்கு 80 கட்டங்களே இருந்தன. இன்று ஒரு வெட்டில் 512-க்கு 512 கட்டங்கள், வெட்டின் தடிமன் ஒரு மில்லிமீட்டரோ அதற்கும் கீழோ. படம் இவ்வளவு நுணுகிய பிறகும், நுரை ரப்பர்மேல் விரல்கள் தடுமாறிய அளவுக்கு ஏற்றபடி வகுத்த வரம்பை வைத்துத்தான் மருந்துகளுக்கு மதிப்பெண் போடுகிறோம். கட்டியின் உயிரியலுக்கும் 30 சதவீதத்துக்கும் எந்த உறவும் கிடையாது.

அப்படியானால் முழுக் கட்டியின் கன அளவையே அளந்துவிடலாமே? அளக்கலாம்; பல இடங்களில் அளந்தே ஆகவேண்டும் என்பதுதான் என் கருத்தும். ஆனால் எவ்வளவு மாறினால் அதை மாற்றம் என்று நம்பலாம் என்ற பிழை எல்லையும் சேர்ந்து வராவிட்டால், கன அளவு என்று அச்சாகும் எண்ணை அளவீடாக ஏற்க முடியாது. இந்தத் துறையின் வரலாற்றைப் படித்தால், கருவிகள் வளர்ந்த வேகத்தில் இந்த எல்லையைச் சொல்லும் பழக்கம் வளரவில்லை என்பது தெரியும்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். உருண்டையின் கன அளவு குறுக்களவின் மும்மடிப் பெருக்கத்தோடு ஏறி இறங்கும். குறுக்களவு 26 சதவீதம் கூடினாலே கன அளவு இரட்டிப்பாகிவிடும். ரெசிஸ்ட் சொல்லும் 20 சதவீத வளர்ச்சி, கன அளவில் 73 சதவீதம். பழைய உலக சுகாதார நிறுவன விதியில் பெருக்குத்தொகை 25 சதவீதம் கூடினாலே நோய் முற்றுகிறது என்று பொருள். அது கன அளவில் 40 சதவீதம். ஒரே நோயாளி ஒரு விதிப்படி முற்றியவராகவும் மற்றொன்றின்படி நிலையாக இருப்பவராகவும் ஆவதற்கு இந்த வேறுபாடே போதும்.

கட்டிகள் உருண்டையாக இருப்பதும் அபூர்வம். நுரையீரலின் உறையில் வரும் மீசோதீலியோமா, மார்புக்கூட்டின் உட்புறத்தில் தகடுபோலப் பரவும். அதில் எது நீண்ட குறுக்களவு என்று கேட்டால் பதில் இல்லை. இதைவிடத் தெளிவான உதாரணம் பிளெக்ஸிஃபார்ம் நியூரோஃபைப்ரோமா. ஏறத்தாழ 3,000 பேரில் ஒருவருக்கு வரும் என்.எஃப்.1 என்ற மரபணுக் கோளாறு உள்ள குழந்தைகளுக்கு, நரம்பு வழியாகவே புழுக்கூட்டம்போல் படர்ந்து, முகம், கழுத்து, இடுப்புக்கூடு, முதுகுத்தண்டின் ஓரம் என்று நுழைந்துவிடும் கட்டி இது. அறுவை சிகிச்சையில் முழுதாக எடுப்பது பல நேரம் முடியாது. வளர்ச்சியோ மெதுவானது. நீளத்தை வைத்து அளந்தால் ஆண்டுக்கணக்கில் 'மாற்றமில்லை' என்றே ரிப்போர்ட் வரும்.

அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் பிரிஜிட் வைடமன், ஈவா டோம்பி ஆகியோரின் குழு இதற்கு எம்.ஆர்.ஐ. வழியாகக் கன அளவு காணும் முறையை வளர்த்தெடுத்தது. கொழுப்பின் ஒளியை அடக்கி எடுக்கும் ஒருவகைப் படத்தில் இந்தக் கட்டி பளிச்சென்று வெண்மையாகவும் சுற்றியுள்ள தசை கறுப்பாகவும் தெரியும். அந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு, வெட்டு வெட்டாக ஓரம் வரைந்து கூட்டினார்கள். எத்தனை சதவீத மாற்றம் அளவீட்டுத் தடுமாற்றத்துக்கு அப்பால் நிற்கிறது என்று பார்த்து, 20 சதவீதத்தை வரம்பாக வைத்தார்கள். 20 சதவீதக் கன அளவுக் குறைவு என்பது, உருண்டையாக இருந்தால் குறுக்களவில் 7 சதவீதம்தான். ரெசிஸ்ட் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. செலுமெடினிப் என்ற மருந்தை 50 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குழந்தைகளுக்கு அந்த 20 சதவீதக் குறைவு கிடைத்தது. பலருக்கு வலியும் குறைந்தது. 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பழைய முறையில் அளந்திருந்தால், இதே மருந்து பயனற்றது என்று கோப்பு மூடப்பட்டிருக்கும். கன அளவு ஏன் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை என்றே நினைக்கிறேன்.

இரண்டாவது பெரிய சான்று நெதர்லாந்திலிருந்தும் பெல்ஜியத்திலிருந்தும் வந்தது. புகைபிடிப்பவர்களிடம் நுரையீரல் புற்றுநோயை முன்கூட்டியே தேடிய நெல்சன் ஆய்வு, நுரையீரலில் தென்படும் சிறு முடிச்சுகளை குறுக்களவால் தரம் பிரிக்காமல் கன அளவால் பிரித்தது. 50 கன மி.மீ.-க்குக் கீழ் என்றால் கவலையில்லை. 500-க்கு மேல் என்றால் உடனே மேல்பரிசோதனை. இடைப்பட்டவர்கள் மூன்று மாதத்தில் மறுபடி ஸ்கேனுக்கு வரவேண்டும். அப்போது முடிச்சு எத்தனை நாளில் இரட்டிப்பாகும் என்று கணக்கிடுவார்கள். 400 நாளுக்குள் என்றால் ஆபத்து.

இதை ஓர் எடுத்துக்காட்டில் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். முதல் ஸ்கேனில் முடிச்சு 8 மி.மீ., கன அளவு 268 கன மி.மீ. 90 நாள் கழித்து 8.7 மி.மீ., அதாவது 345 கன மி.மீ. திரையில் அளவுகோலை வைத்து இழுக்கும் ரேடியாலஜிஸ்டுக்கு 0.7 மி.மீ. என்பது ஏறத்தாழ ஒரே ஒரு படக்கட்டத்தின் அகலம். 'மாற்றமில்லை' என்றுதான் எழுதுவார், அவர்மேல் குற்றமில்லை. கன அளவிலோ அது 29 சதவீதம். அதே வேகத்தில் போனால் 248 நாளில் இரட்டிப்பாகும். நெல்சன் விதிப்படி இந்த நோயாளியைக் காத்திருக்க வைக்கக்கூடாது.

அந்த ஆய்வில் 25 சதவீதத்துக்குக் குறைவான மாற்றத்தை வளர்ச்சியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. சிறு முடிச்சை மென்பொருள் இரண்டு முறை அளந்தால் ஏறத்தாழ அந்த அளவுக்கு வேறுபடும் என்பதை ஒப்புக்கொண்டு வகுத்த கோடு அது. பிழையை முதலில் அளந்து, அதன்மேல் விதியைக் கட்டினார்கள். பலன் கண்கூடு. 2020-இல் வந்த முடிவுகளின்படி, எடுத்த ஸ்கேன்களில் 2.1 சதவீதமே மேல்பரிசோதனைக்குப் போயின. ஆண்களிடம் பத்தாண்டில் நுரையீரல் புற்றுநோய் மரணம் 24 சதவீதம் குறைந்தது. 4 மி.மீ. குறுக்களவை வரம்பாக வைத்த அமெரிக்க ஆய்வில் 24 சதவீத ஸ்கேன்கள் 'சந்தேகம்' என்று வந்து, அவற்றில் 96 சதவீதம் புற்றுநோய் இல்லை என்று முடிந்தன. இரண்டு ஆய்வுகளுக்கும் வேறு பல வேறுபாடுகள் உண்டு. ஆனாலும் தேவையில்லாமல் ஊசியும் கத்தியும் பட்டவர்களின் எண்ணிக்கையில் அளக்கும் முறைக்குப் பெரும்பங்கு இருந்தது என்பதை மறுக்க முடியாது.

இனி, அளப்பவரின் மேசைக்கு வருவோம். கட்டியின் ஓரத்தை ஒவ்வொரு வெட்டிலும் கோடிட்டுச் சுற்றி, உள்ளே எத்தனை வாக்ஸல் அடங்குகிறது என்று எண்ணி, ஒரு வாக்ஸலின் கன அளவால் பெருக்குவதுதான் வேலை. வாக்ஸல் என்பது வெட்டின் தடிமனையும் சேர்த்த முப்பரிமாணக் கட்டம். தகராறெல்லாம் ஓரத்தில்தான். பாதி கட்டியும் பாதி காற்றுமாக இருக்கும் வாக்ஸல் இடைப்பட்ட சாம்பல் நிறத்தில் தெரியும். அதை உள்ளே சேர்ப்பதா, வெளியே விடுவதா? சாத்துக்குடியின் தோலை உரித்துத் தனியே வைத்துப் பார்த்தால், அது பழத்தில் எவ்வளவு பங்கு என்று வியப்பாக இருக்கும். கட்டியிலும் அதே கதை. 50 மி.மீ. உருண்டையில் வெளிப்புறத்து 1 மி.மீ. மட்டும் மொத்தக் கன அளவில் 12 சதவீதம்; 20 மி.மீ. உருண்டையில் 27 சதவீதம்; 10 மி.மீ. உருண்டையில் 49 சதவீதம். ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளிக் கோடிட்டால் சிறுகட்டியில் பாதி காணாமல் போய்விடும்.

அந்த ஒரு மில்லிமீட்டரை நகர்த்தப் பல கைகள் இருக்கின்றன. வெட்டின் தடிமன் 5 மி.மீ. என்றால், 10 மி.மீ. முடிச்சு இரண்டு மூன்று வெட்டில் அடங்கிவிடும். மேல்நுனியும் கீழ்நுனியும் ஊகம்தான். நுரையீரலுக்கான வெளிச்ச அமைப்பில் பார்த்தால் முடிச்சு பெரிதாகத் தெரியும். மார்பின் நடுப்பகுதிக்கான அமைப்புக்கு மாற்றினால் அதே முடிச்சு சிறுத்துவிடும். படத்தைக் கூர்மையாக்கும் கணிப்பு, மென்மையாக்கும் கணிப்பு என்று இருக்கும் வகைகள் ஓரத்தை வேறுவேறாகத் தீட்டும். கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி எத்தனையாவது விநாடியில் படமெடுத்தார்கள் என்பது கல்லீரல் கட்டியின் எல்லையையே மாற்றும். நோயாளி மூச்சை எவ்வளவு இழுத்துப் பிடித்தார் என்பதும் கணக்கில் வரும். நுரையீரலின் அடிப்பகுதிக் கட்டி சில நேரம் ஒரு சென்டிமீட்டருக்கு மேலும் ஏறி இறங்கும்.

எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தால் மிஞ்சும் பிழை எவ்வளவு? நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் நுரையீரல் புற்றுநோயாளிகள் 32 பேரை ஸ்கேன் எடுத்து, மேசையிலிருந்து இறக்கி, 15 நிமிடத்துக்குள் மறுபடி எடுத்தார்கள். கால் மணி நேரத்தில் கட்டி வளராது. 2009-இல் வெளியான அந்த முடிவில், குறுக்களவு ஏறத்தாழ 7 சதவீதம் கூடியோ குறைந்தோ வந்தது. கன அளவு 12, 13 சதவீதம். சதவீதத்தை மட்டும் பார்த்தால் கன அளவுதான் அதிகம் தடுமாறுவதுபோலத் தோன்றும். ஆனால் 20 சதவீதக் குறுக்களவு வளர்ச்சிக்கு 7 சதவீதப் பிழை என்பதையும், அதே வளர்ச்சி கன அளவில் 73 சதவீதமாக வரும்போது 13 சதவீதப் பிழை என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செய்திக்கும் இரைச்சலுக்குமான விகிதம் முதலாவதில் மூன்று, இரண்டாவதில் ஐந்தரை. கன அளவின் வலிமை இங்கேதான் இருக்கிறது. இது ஒரே கருவி, மெல்லிய வெட்டு, ஒரே முறை என்ற நிபந்தனைகளில் கிடைத்த வலிமை என்பதையும் மறக்கக்கூடாது.

மூளைக்குப் போனால் கேள்வியே மாறிவிடுகிறது: எதன் கன அளவு? கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுக்கட்டியில் கான்ட்ராஸ்டில் ஒளிரும் வளையம் ஒன்று, அதற்குள் செத்த திசு, வெளியே வீக்கமும் ஊடுருவிய கட்டியும் கலந்த பகுதி. ஒளிரும் வளையம் உண்மையில் காட்டுவது கசியும் ரத்தக்குழாய்களை. பெவாசிசுமாப் என்ற மருந்து அந்தக் கசிவை அடைத்துவிடும். சில நாளிலேயே படத்தில் கட்டி சுருங்கிவிட்டதுபோல் தெரியும். ஆனால் 2014-இல் வெளியான பெரிய ஆய்வில், புதிதாக நோய் கண்டவர்களின் மொத்த ஆயுள் அந்த மருந்தால் நீளவில்லை. ஸ்டீராய்டு அளவை மாற்றினாலும் ஒளிர்வு மாறும். மறுபக்கம், கதிர்வீச்சும் கீமோவும் முடிந்த முதல் சில மாதங்களில் கட்டி பெருத்ததுபோல் தோன்றித் தானே அடங்குவதும் உண்டு. இதனால்தான் 2010-இல் வந்த ரானோ விதிகள் ஒளிராத பகுதியையும் ஸ்டீராய்டு அளவையும் நோயாளியின் நிலையையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னன. இங்கே கன அளவை எவ்வளவு துல்லியமாக அளந்தாலும், அளக்கப்பட்டது கட்டிதானா என்ற ஐயம் தீராது.

கதிர்வீச்சு சிகிச்சையில் வேறொரு கவலை. அங்கே மொத்தக் கன அளவு சரியாக இருந்து கோடு இடம் தவறியிருந்தால், கட்டியின் ஒரு பக்கம் தப்பிவிடும், நல்ல திசு வெந்துவிடும். ஆம்ஸ்டர்டாமில் 22 நுரையீரல் புற்றுநோயாளிகளின் படங்களை 11 கதிர்வீச்சு மருத்துவர்களிடம் கொடுத்து ஓரம் வரையச் சொன்னார்கள். சி.டி. மட்டும் இருந்தபோது அவர்களுக்குள் இருந்த வேறுபாடு 1 செ.மீ.; பெட் படத்தையும் பொருத்திக் கொடுத்தபோது 0.4 செ.மீ. ஆகக் குறைந்தது. கட்டியும், அதனால் சுருங்கிப்போன நுரையீரல் பகுதியும் சி.டி.யில் ஒரே சாம்பல் நிறத்தில் இருக்கும். பெட் அவற்றைப் பிரித்துக் காட்டியது. ஆனால் பெட் படத்தின் நுணுக்கம் சில மில்லிமீட்டரோடு நின்றுவிடும். உச்ச ஒளிர்வில் 41 சதவீதத்துக்கு மேல் உள்ளதெல்லாம் கட்டி என்று வெட்டினால் ஒரு கன அளவு, 4.0 என்ற நிலையான எண்ணுக்கு மேல் என்றால் இன்னொன்று. லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோயின் பெட் ரிப்போர்ட்டில் கன அளவு இருந்தால், எந்த வெட்டுக்கோடு என்ற விவரமும் கூடவே இருக்கவேண்டும்.

அளவே தவறான கேள்வியாகிவிடும் நோய்களும் உண்டு. இரைப்பை, குடல் சுவரில் வரும் ஜிஸ்ட் கட்டிகளுக்கு இமாடினிப் கொடுத்தால், கட்டி உள்ளுக்குள் செத்துக் கூழாகும். வெளியளவு அப்படியே இருக்கும், சில நேரம் பெருக்கவும் செய்யும். 2007-இல் வந்த சோய் விதிகள், அடர்த்தி 15 சதவீதம் குறைந்தாலே குணம் என்றன. நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்துகளில் நோயெதிர்ப்பு அணுக்கள் கூட்டமாக உள்ளே புகுந்து கட்டி முதலில் பெருக்கலாம். அதனால் 2017-இன் ஐரெசிஸ்ட், நான்கு முதல் எட்டு வாரத்தில் மறுபடி பார்த்து உறுதிசெய்யச் சொல்கிறது.

கணினியே ஓரம் வரையும் காலம் வந்துவிட்டது. மூளைக் கட்டிகளுக்கான பிராட்ஸ் போட்டி 2012-இல் தொடங்கியது. 2021-இல் வெளியான என்என்யூ-நெட் போன்ற திட்டங்கள் பல உறுப்புகளில் மனிதருக்கு நெருக்கமாகக் கோடிடுகின்றன. வேலைப்பளு குறைவது பெரிய நன்மை. முழுக் கட்டியைக் கையால் வரைய நேரமில்லை என்பதால்தான் இத்தனை காலம் குறுக்களவோடு நின்றோம். ஆனால் இவை கற்றுக்கொண்டது மனிதர் வரைந்த கோடுகளிலிருந்து. பிராட்ஸ் தரவில் நிபுணர்களுக்குள்ளேயே ஒத்துப்போன அளவு, பகுதிக்குத் தக்கபடி, டைஸ் மதிப்பெண்ணில் 74 முதல் 85 சதவீதம்தான். டைஸ் என்பது இரண்டு கோடுகள் எவ்வளவு மேற்படிகின்றன என்று சொல்லும் எண். அதை நம்பி ஏமாறவும் முடியும். 20 மி.மீ. கட்டியைக் கணினி ஒரே மையத்தில் 18 மி.மீ. ஆக வரைந்தால் டைஸ் 84. பார்க்க நல்ல மதிப்பெண். கன அளவிலோ 27 சதவீதம் பறிபோயிருக்கும். புதிய மென்பொருளை விற்க வருபவர் டைஸ் மதிப்பெண்ணைக் காட்டினால், ஒரே நோயாளியை இருமுறை எடுத்து அளந்த வேறுபாட்டைக் கேட்டு வாங்குவது மருத்துவமனையின் கடமை.

வட அமெரிக்கக் கதிரியக்கச் சங்கம் 2007-இல் தொடங்கிய கிபா என்ற முயற்சி இந்தக் கேள்வியையே மையத்தில் வைத்தது: எந்தக் கருவி அமைப்பில், எந்தத் தடிமனில் எடுத்தால், எத்தனை சதவீத மாற்றத்தை உண்மையென்று நம்பலாம்? பதில்கள் வரிவரியாக எழுதப்பட்டிருக்கின்றன. அன்றாட ஸ்கேன் அறையில்தான் அவை இன்னும் குடியேறவில்லை.

நம் ஊரில் இதற்குக் கூடுதலாக ஒரு தடை. முதல் ஸ்கேன் ஒரு சென்டரில், மூன்று கீமோ கழித்து அடுத்த ஸ்கேன் செலவு குறைந்த இன்னொன்றில். நோயாளி கொண்டுபோவது பெரிய கவரில் ஃபிலிம்கள். ஃபிலிமிலிருந்து கன அளவை அளக்க முடியாது. மெல்லிய வெட்டுகளின் முழுத் தரவு தேவை. அதைக் குறுந்தகட்டிலோ பென் டிரைவிலோ கேட்டு வாங்கி வைப்பதும், முடிந்தவரை ஒரே சென்டரில் ஒரே முறையில் எடுப்பதும், புதிய மென்பொருள் எதுவும் வாங்காமலேயே பிழையைக் குறைக்கும் வழிகள். சிகிச்சை தரும் மருத்துவர் ஸ்கேன் சீட்டிலேயே 'முந்தைய அமைப்பில், மெல்லிய வெட்டு' என்று ஒரு வரி எழுதலாம்.

ரிப்போர்ட்டும் மாறவேண்டும். '3.2 × 2.8 × 2.5 செ.மீ.' என்று மூன்று எண்ணை நிறுத்தி, கன அளவுக்காக 0.52-ஆல் பெருக்கிக்கொள்ளும் பொறுப்பைப் படிப்பவரிடம் விடுவது போதாது. நான் பார்க்க விரும்பும் வரி இப்படி இருக்கும்: 'கன அளவு 14.2 மி.லி.; முந்தையது 12.9 மி.லி.; வேறுபாடு 10 சதவீதம்; இந்த முறையில் மறு அளவீட்டுப் பிழை 13 சதவீதம் வரை இருக்கலாம்; எனவே வளர்ச்சி என்று இப்போது சொல்ல முடியாது, எட்டு வாரத்தில் இதே அமைப்பில் மறுபடி எடுக்கவும்.'